தலையில் அடிபட்டபின் படிப்படியாய் எழும்புங்கள்



மழைக்காலம் வந்துவிட்டால் நாம் வாழும் பெருநகரங்களின் சாலைகள் எப்படியிருக்கும் என்பதை நீங்கள் நன்கு அறிவீர்கள். தேங்கிய தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருப்பது தெரியாமல் இருசக்கர வாகனம் சாய்ந்துவிடுகிறது. ஈரமான குளியலறையில் தாயார் வழுக்கி விழுகிறார். கட்டட வேலையில் சாரத்தின் கம்பி தலையில் இடிக்கிறது. பள்ளி மைதானத்தில் இரண்டு பிள்ளைகள் ஓடிவந்து மோதிக்கொள்கிறார்கள். பதறிப்போய் மருத்துவமனைக்கு ஓடுகிறோம். ஸ்கேன் எடுக்கிறார்கள். "பயப்படும்படி ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்கிறார்கள். ஆண்டவருக்கு நன்றி சொல்லி வீடு திரும்புகிறோம்.

ஆனால் மறுநாள் முதல் நடப்பது என்ன? தலைவலி நிற்கவில்லை. வெளிச்சம் கூசுகிறது. சத்தம் தாங்கவில்லை. படித்தது மனதில் நிற்கவில்லை. காரணமில்லாமல் கோபமும் அழுகையும் வருகின்றன. "ஸ்கேனில்தான் ஒன்றுமில்லையே, பிறகு என்ன?" என்று வீட்டார் கேட்கிறார்கள். முதலாளியும் கேட்கிறார். அடிபட்டவரே தம்மைக் கேட்டுக்கொள்கிறார். சிலர் மூன்றாம் நாளே வேலைக்கு ஓடிவிடுகிறார்கள். வேறு சிலரோ வாரக்கணக்கில் இருட்டறையில் படுத்துவிடுகிறார்கள். இந்த இரண்டு வழிகளுமே தவறானவை. இவ்விரண்டுக்கும் நடுவே மருத்துவர்கள் காட்டும் நல்ல வழி ஒன்று உண்டு. அதை இந்த மாதம் நாம் தெளிவாக அறிந்துகொள்வோம்.

ஸ்கேனில் தெரியாத காயம்

கன்கஷன் என்று மருத்துவர்கள் சொல்லும் மூளை அதிர்வு, மண்டை உடையாமலும் இரத்தம் கசியாமலும் ஏற்படுகிற காயமாகும். ஏறக்குறைய 1.4 கிலோ எடையுள்ள நம்முடைய மூளை, மண்டையோட்டுக்குள் நீர் போன்ற திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. தலை திடீரென்று உலுக்கப்படும்போது மூளையும் உள்ளே உலுக்கப்படுகிறது. தலையில் நேராக அடிபடவேண்டும் என்பதுகூட இல்லை. உடம்பில் விழுந்த பலத்த அடி தலையை உலுக்கினாலும் போதும்.

அப்பொழுது நரம்பணுக்களின் உப்புச் சமநிலை குலைந்துபோகிறது. உள்ளே இருக்கவேண்டிய பொட்டாசியம் வெளியேறுகிறது. வெளியே இருக்கவேண்டிய கால்சியம் உள்ளே நுழைகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்கு வழக்கத்தைவிட அதிக சக்தி தேவைப்படுகிறது. அதே வேளையில் மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டமோ குறைந்திருக்கிறது. வருமானம் குறைந்த மாதத்தில் வீட்டில் பெருஞ்செலவு வந்தால் எப்படியிருக்குமோ, அப்படிப்பட்ட நிலை அது. சி.டி. ஸ்கேன் மூளையின் உருவத்தைக் காட்டும். இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். இந்தச் சக்திப் பற்றாக்குறையை அது காட்டாது. ஆகவே ஸ்கேன் நன்றாக இருந்தது என்பது உயிருக்கு ஆபத்தில்லை என்ற நற்செய்தியே தவிர, காயமே இல்லை என்ற சான்று அல்ல.

மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்வு என்று அநேகர் நினைக்கிறார்கள். அதுவும் சரியல்ல. மூளை அதிர்வு அடைந்தவர்களில் பெரும்பாலோர் சுயநினைவை இழப்பதே இல்லை.

தாமதிக்கக்கூடாத அடையாளங்கள்

குணமாகும் வழியைப் பேசுமுன் ஓர் எச்சரிப்பு. பின்வரும் அடையாளங்களில் ஒன்று தோன்றினாலும் இரவென்றும் பகலென்றும் பாராமல் 112 அல்லது 108 எண்ணை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு விரையுங்கள்: திரும்பத் திரும்ப வாந்தி; நேரம் செல்லச் செல்ல அதிகரிக்கும் தலைவலி; வலிப்பு; கை கால் பலவீனம் அல்லது மரத்துப்போதல்; பேச்சு குழறுதல்; எழுப்பினாலும் எழும்பாத உறக்கம்; ஆட்களையோ இடத்தையோ அறியாத குழப்பம்; ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாக இருத்தல்; மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல்.

முதியோர் விஷயத்தில் இன்னும் அதிக கவனம் தேவை. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்ளுகிறவர்கள், அடி சிறிதாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் செல்லவேண்டும். வயதானவர்களுக்கு மூளையின் மேல் மெல்ல மெல்லச் சேரும் இரத்தக் கசிவு சில வாரங்கள் கழித்தும் வெளிப்படக்கூடும். நடை தள்ளாடுகிறது, பேச்சு மாறுகிறது என்று கண்டால், "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள்.

வலிக்கு முதல் இரண்டு நாட்கள் பாராசிட்டமால் போதுமானது. ஆஸ்பிரினையும் இபுபுரோஃபெனையும் தவிர்ப்பது நல்லது. அவை இரத்தக் கசிவை அதிகப்படுத்தக்கூடும். ஏற்கெனவே இருதயத்திற்காக ஆஸ்பிரின் எடுத்துக்கொள்ளுகிறவர்கள் தாங்களாகவே அதை நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்கவேண்டும். தூக்க மாத்திரை மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

இருட்டறை ஏன் உதவவில்லை?

ஒரு காலத்தில் மருத்துவர்களே, "அறிகுறிகள் முழுவதும் மறையும்வரை படுத்திருங்கள், படிக்காதீர்கள், நடக்காதீர்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மருத்துவர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். 11 முதல் 22 வயது வரையிலான இளையோரில் ஒரு பகுதியினருக்கு ஐந்து நாள் முழு ஓய்வு. மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு நாள் ஓய்வும் அதன்பின் படிப்படியான நடமாட்டமும். ஐந்து நாள் படுத்திருந்தவர்களே அதிக அறிகுறிகளைச் சொன்னார்கள்; அவர்கள் தெளிவதற்கும் அதிக நாட்கள் பிடித்தன.

2019-ல் பஃபலோ பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஜான் லெடியும் அவருடைய குழுவினரும் மற்றொரு ஆய்வை வெளியிட்டார்கள். விளையாட்டில் மூளை அதிர்வு அடைந்த 103 வளரிளம் பருவத்தினரில் ஒரு பிரிவினர், அறிகுறிகள் கிளம்பாத அளவில் நாள்தோறும் மிதமான உடற்பயிற்சி செய்தார்கள். மற்றப் பிரிவினர் கை கால்களை நீட்டி மடக்கும் பயிற்சிகளை மட்டும் செய்தார்கள். முதற்பிரிவினர் குணமடைய நடுத்தரமாக 13 நாட்களும், மற்றவர்கள் குணமடைய 17 நாட்களும் ஆயின. அளவான நடமாட்டம் கேடு செய்யாததுமட்டுமல்ல, அதுவே மருந்தாகவும் இருந்தது.

2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலக மருத்துவ வல்லுநர்கள் அடுத்த ஆண்டில் வெளியிட்ட ஒப்புக்கொள்ளப்பட்ட வழிமுறையும் இதையே சொல்லுகிறது: முதல் 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு, அதன்பின் ஒவ்வொரு படியாக ஏறுதல். அளவான ஓய்வு என்றால் படுக்கையில் கிடப்பதல்ல. வீட்டுக்குள் நடக்கலாம், குளிக்கலாம், உண்ணலாம், சிறிது பேசலாம். அந்த இரண்டு நாட்களும் கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் கூடுமானவரை குறைத்துவிடுங்கள். மருத்துவர் பார்த்து ஆபத்தில்லை என்று சொன்னபின் தாராளமாக உறங்கலாம். "அடிபட்டவரைத் தூங்கவிடக்கூடாது" என்று விடியவிடிய எழுப்பிக்கொண்டிருக்கத் தேவையில்லை. உறக்கம் மூளைக்கு நல்ல மருந்து.

எப்படிப் படியேறுவது?

மூன்றாம் நாள் முதல் நடக்கத் தொடங்குங்கள். முதலில் பத்து நிமிடம், சமதளத்தில், வெயில் ஏறுமுன். எவ்வளவு வேகமாக நடப்பது? நாடித்துடிப்பே அதற்கு அளவுகோல். 220-லிருந்து உங்கள் வயதைக் கழியுங்கள். 40 வயதுடையவருக்கு அது 180. அதில் 55 சதவீதம், அதாவது ஏறக்குறைய 100 துடிப்பு வரை இலேசான பயிற்சி. அது தொல்லை தராவிட்டால் 70 சதவீதம், அதாவது ஏறக்குறைய 125 வரை போகலாம். மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்குங்கள். 25 துடிப்பு வந்தால் நிமிடத்திற்கு 100. இருதயத்திற்கோ இரத்த அழுத்தத்திற்கோ மருந்து உட்கொள்ளுகிறவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாமல் போகலாம். அவர்கள் தங்கள் மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

நடக்கும்போது தலைவலி சற்றே கூடினால் பயப்படவேண்டாம். ஒரு எளிய விதியை மனதில் வையுங்கள். பூச்சியம் முதல் பத்து வரை உங்கள் தலைவலிக்கு நீங்களே மதிப்பெண் கொடுங்கள். நடக்குமுன் இருந்ததைவிட இரண்டு மதிப்பெண்ணுக்குமேல் கூடாமல், ஒரு மணி நேரத்திற்குள் தணிந்துவிட்டால் நீங்கள் சரியான அளவில் இருக்கிறீர்கள். அதற்குமேல் கூடினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியையும், நடந்த நிமிடங்களையும், மதிப்பெண்ணையும் எழுதி வாருங்கள். மருத்துவரிடம் செல்லும்போது நூறு வார்த்தைகளைவிட அந்த ஒரு பக்கம் அதிகம் பேசும்.

விளையாட்டுக்குத் திரும்பும் பிள்ளைகளுக்கு ஆறு படிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று, அன்றாட நடமாட்டம். இரண்டு, நடையும் சைக்கிள் பயிற்சியும். மூன்று, தனியாக ஓடுதல், திரும்புதல் போன்ற விளையாட்டு அசைவுகள். நான்கு, குழுவோடு பயிற்சி, ஆனால் மோதலுக்கு இடமில்லாமல். ஐந்து, முழுப் பயிற்சி. ஆறு, போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். நான்காம் படிக்குமுன் அறிகுறிகள் முற்றிலும் மறைந்திருக்கவேண்டும். மருத்துவரின் அனுமதியும் வேண்டும்.

பள்ளி, வேலை, வீடு

விளையாட்டுக்கு முன்பாகப் பள்ளி. முதலில் வீட்டில் ஐந்து முதல் பதினைந்து நிமிடம் வாசிப்பு. பிறகு வீட்டுப்பாடம். பிறகு அரைநாள் பள்ளி. பிறகு முழுநாள். தேர்வு நெருங்குகிறதே என்று பெற்றோர் கலங்குவது இயல்பு. ஆனாலும் ஆசிரியரிடம் மருத்துவரின் சீட்டைக் காட்டி, சில நாட்கள் எழுத்து வேலையைக் குறைக்கும்படியும், தேர்வில் சற்று நேரம் கூட்டித்தரும்படியும் கேளுங்கள். இதைக் கேட்க வெட்கப்படவேண்டாம்.

வேலைக்குச் செல்லும் சகோதரரே, உயரத்தில் ஏறும் வேலை, ஓடும் இயந்திரம், வாகனம் ஓட்டுதல் ஆகிய மூன்றும் கடைசியாகவே வரவேண்டும். ஒரு விநாடி தலைசுற்றல் சாரத்தின்மேல் உயிரையே கேட்டுவிடும். முதலில் அரைநாள், தரையில் செய்யும் வேலை, இடையிடையே ஓய்வு. இரவுப் பணியைச் சில வாரங்கள் ஒத்திப்போட முடியுமா என்று மேற்பார்வையாளரிடம் பேசுங்கள். நெரிசலான மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு செல்வதைத் தவிர்த்து, கூட்டம் குறைந்த நேரத்தில் பிரயாணம் செய்யுங்கள். நாள்கூலியை இழப்பது எவ்வளவு பாரம் என்பதை நாம் அறிவோம். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் தகுதியிருந்தால் மருத்துவச் சான்றிதழின்பேரில் நோய்க்காலப் பணஉதவி பெறலாம். அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கத் தவறாதீர்கள்.

இல்லத்தரசிகளின் வேலையை யாரும் வேலையாகக் கணக்கிடுவதில்லை. குனிந்து பெருக்குவது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கி மாடிப்படி ஏறுவது, அடுப்பின் வெக்கையில் நிற்பது ஆகிய அனைத்தும் தலைவலியையும் தலைசுற்றலையும் கிளப்பக்கூடியவை. உட்கார்ந்து காய் நறுக்குவதில் தொடங்கலாம். குடம் தூக்குவது கடைசியாக வரட்டும். அதுவரை தண்ணீர் பிடிப்பது யார்? இந்தக் கேள்விக்குக் கணவரும் வளர்ந்த பிள்ளைகளும் பதில் சொல்லவேண்டும்.

ஆராதனைக்குத் திரும்பும்போது

ஞாயிறு ஆராதனையை இழக்க நமக்கு மனம் வராது. ஆனால் டிரம்ஸும் கீபோர்டும் ஒலிபெருக்கியும் நிறைந்த சிறிய கூடம், அடிபட்ட மூளைக்குக் கடினமான இடம். ஆகவே ஆராதனைக்கும் படிப்படியாகத் திரும்புங்கள். முதல் வாரம் செய்தி வேளைக்கு மட்டும் வந்து, ஒலிபெருக்கிக்கு எட்ட, வாசலருகே அமருங்கள். தலை கனத்தால் சிறிதுநேரம் வெளியே சென்று வாருங்கள். டிரம்ஸ் வாசிக்கும் வாலிபத் தம்பி சில வாரம் பொறுத்திருக்கட்டும். உபவாசத்தையும் முழு இரவு ஜெபத்தையும் குணமாகும்வரை ஒத்திவைப்பது நல்லது; பட்டினியும் தூக்கமின்மையும் தலைவலியைக் கூட்டும். வீட்டுக்கு வந்து ஜெபிக்கும் சகோதரர்கள் இருவர் மூவராக வந்து, தாழ்ந்த குரலில் ஜெபித்து, விரைவில் விடைபெறுவார்களானால் அதுவே பெரிய உதவி.

அவசரப்பட்டால் என்ன ஆகும்?

2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பந்து ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தைத் தாக்கியது. பரிசோதனையில் தேறி, அவர் அன்றே மீண்டும் ஆடவந்தார். மறுநாள் காலையிலோ தலைவலியும் மந்தமும் தோன்றின. உடனே அவர் விலக்கப்பட்டு, டெஸ்ட் வரலாற்றில் முதல்முறையாக மூளை அதிர்வுக்கான மாற்று ஆட்டக்காரராக லபுஷேன் இறங்கினார். அறிகுறி மறுநாளும் வரலாம் என்பதற்கு இது நல்ல பாடம். ஸ்மித் அடுத்த டெஸ்டிலும் ஆடவில்லை. அதற்கடுத்த மான்செஸ்டர் டெஸ்டில் திரும்பிவந்து 211 ஓட்டங்கள் எடுத்தார். பொறுத்திருந்ததினால் அவர் எதையும் இழந்துபோகவில்லை.

இதற்கு எதிரான துயரமும் உண்டு. 2006-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சாக்கரி லிஸ்டெட் என்னும் 13 வயதுச் சிறுவன், கால்பந்தாட்டத்தில் தலை தரையில் மோதியபின், சற்றே ஓய்ந்து அதே ஆட்டத்தில் மீண்டும் இறக்கப்பட்டான். ஆட்டம் முடிந்ததும் மூளையில் இரத்தம் கசிந்து சரிந்து விழுந்தான். உயிர் பிழைத்தான், ஆனால் ஒரு வார்த்தை பேச அவனுக்கு ஒன்பது மாதங்கள் ஆயின. அவன் பெயரால் 2009-ல் அங்கே ஒரு சட்டம் பிறந்தது: மூளை அதிர்வு என்று சந்தேகிக்கப்படும் பிள்ளையை உடனே ஆட்டத்திலிருந்து நீக்கவேண்டும், மருத்துவத் தகுதியுடையவர் எழுத்தில் அனுமதி கொடாமல் மீண்டும் இறக்கக்கூடாது. 2014-க்குள் அந்நாட்டின் 50 மாநிலங்களிலும் இப்படிப்பட்ட சட்டம் வந்துவிட்டது. நம் பிள்ளைகள் தெருவில் ஆடும் கிரிக்கெட்டுக்கு நடுவர் இல்லை. அங்கே பிள்ளையை வெளியே அழைக்கவேண்டிய பொறுப்பு நம்முடையது.

தொல்லை நீடித்தால்

பெரியவர்களில் பெரும்பாலோர் இரண்டு வாரங்களிலும், பிள்ளைகளில் பெரும்பாலோர் நான்கு வாரங்களிலும் தேறிவிடுகிறார்கள். பத்து நாட்களுக்குப் பின்னும் தலைசுற்றலோ கழுத்துவலியோ தலைவலியோ நின்றால் பிசியோதெரபி சிகிச்சையை நாடுங்கள். காயம் மூளையில் மட்டுமல்ல, கழுத்துத் தசைகளிலும், உட்காதிலுள்ள சமநிலை உறுப்பிலும் இருக்கக்கூடும். கட்டைவிரலை எதிரே நீட்டி, அதைவிட்டுப் பார்வை விலகாமல் தலையை இடமும் வலமும் திருப்புவது போன்ற எளிய பயிற்சிகளால் சமநிலை திரும்புகிறது. கனடாவின் கால்கரியில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், கழுத்துக்கும் சமநிலைக்கும் சேர்த்துச் சிகிச்சை பெற்றவர்களில் 73 சதவீதத்தினர் எட்டு வாரங்களுக்குள் விளையாட்டுக்கு அனுமதிக்கப்பட்டார்கள். அச்சிகிச்சை பெறாதவர்களிலோ 7 சதவீதத்தினரே அனுமதி பெற்றார்கள். ஆய்வு சிறியது, ஆனாலும் வித்தியாசம் பெரியது.

பெங்களூரில் நிம்ஹான்ஸ், மும்பையில் கே.இ.எம்., சயான் மாநகராட்சி மருத்துவமனைகள், டெல்லியில் எய்ம்ஸ் ஆகியவை அரசு சார்ந்தவை. அங்கே மொழி தடையாக இருந்தால், கன்னடமோ மராத்தியோ இந்தியோ நன்கு பேசும் ஒருவரைச் சபையிலிருந்து உடன் அழைத்துச் செல்லுங்கள். நகரத்தில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு நாம் செய்யக்கூடிய அருமையான ஊழியம் இது.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

பிரியமானவர்களே, கட்டுப் போட்ட காலைப் பார்த்தால் எல்லாரும் இரங்குவார்கள். மூளை அதிர்வுக்கோ கட்டு இல்லை. ஆகவே அடிபட்டவரின் மறதியைக் கவனக்குறைவு என்றும், சோர்வைச் சோம்பல் என்றும், கண்ணீரை விசுவாசக் குறைவு என்றும் சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லாதிருங்கள். அவையும் அந்தக் காயத்தின் அறிகுறிகளே. "இன்றைக்கு எத்தனை நிமிடம் நடந்தாய்?" என்று அன்போடு கேளுங்கள். முடிந்தால் கூடவே நடந்து செல்லுங்கள்.

தலைக்கவசத்தையும் மறவாதீர்கள். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டுகிறவருக்கு மட்டுமல்ல, பின்னால் அமரும் நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தலைக்கவசம் மூளை அதிர்வை முழுவதும் தடுத்துவிடாது. மண்டை உடைவதையும் உயிர் போவதையும் பெருமளவில் தடுக்கும்.

அடிபட்டவரே, நேற்றைவிட இன்றைக்கு ஐந்து நிமிடம் கூடுதலாக நடந்தீர்களா? அது போதும். நாளைக்கு அடுத்த படி.